பூஜையில் வைத்த லேப்டாப்

கன்னத்தில் விழுந்த முதல் அறைக்கும் இரண்டாவது அறைக்கும் நடுவே டிவியில் ஒரு நகைக்கடை விளம்பரம் முழுதாக ஓடி முடிந்தது. மூன்றாவது அறை விழும்போது சீரியல் மறுபடி தொடங்கியிருந்தது. சண்முகசுந்தரம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். லேப்டாப் திரையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கருப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும்தான். கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. ஸ்டீல் டம்ளர் ஒன்று தரையில் உருண்டு உருண்டு நின்றது. தலை சுவரில் மோதினால் இப்படி ஒரு சத்தம் வரும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேணாங்க... வலிக்குதுங்க..." என்று லேப்டாப்புக்குள்ளிருந்து மகள் விஜயராணி கெஞ்சினாள்.

அதே விஜயராணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரே சீராகப் பலகையில் விழுந்தது.

"நிறுத்திடவாப்பா?"

"ஓடட்டும்."

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர் அவர். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாது. மன்னார்புரத்தில் சொந்த வீடு. தன் பரம்பரையில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை, வாழப்போன பெண் யாரும் பெட்டியோடு திரும்பி வந்ததில்லை என்பது அவர் வாய் ஓயாமல் சொல்லும் பெருமை. அந்தப் பெருமைக்காகவே மகளை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். முதல் முறை பஸ் ஏற்றிவிட்டார். இரண்டாவது முறை தானே ஸ்ரீரங்கம் வரைக்கும் கூட்டிப்போய், மேலச் சித்திரை வீதியில் மாப்பிள்ளை வீட்டில் விட்டு, சம்பந்தியம்மா கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்தார். போன வியாழக்கிழமை மூன்றாவது முறையாக அவள் ஒரு துணிப்பையும் இந்த லேப்டாப்புமாக ஆட்டோவில் வந்து இறங்கியபோது கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. அவர் வாசல் கேட்டைத் திறந்துவிட்டார்.

லேப்டாப் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கியது; பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூடியின் கீல் உடைந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. பேட்டரி செத்துவிட்டது, கரண்டில் செருகினால்தான் உயிர். விண்டோஸ் இருந்த காலத்தில் அது எழுந்து வருவதற்குள் அடுப்பில் ஒரு உலை கொதித்துவிடும்.

"இது ஓடாதுன்னு மாப்பிள்ளை சொன்னாரே?" என்று வந்த அன்றைக்கே கேட்டார்.

"அவரு அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தாரு."

கல்யாணத்துக்கு முன்னால் விஜயராணி துவாக்குடிப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருந்தாள். அங்கே எடைக்குப் போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு எழுப்பியிருக்கிறாள். லினக்ஸிலேயே கனம் குறைந்த வகை ஒன்று உண்டு. அலங்காரம் கிடையாது, கொஞ்சம் நினைவகம் இருந்தால் போதும், பழைய இயந்திரத்திலும் முக்கால் நிமிஷத்தில் எழுந்து நிற்கும். வேலைக்குப் போகக்கூடாது என்று கணவன் கணேஷ்குமார் தடுத்த பிறகு, பொழுது போகாமல் இந்த லேப்டாப்பிலும் அதைப் போட்டாள். ஒருநாள் அவன் எட்டிப் பார்த்தான். படம் இல்லை, ஐகான் இல்லை, கருப்புத் திரை. "செத்துருச்சா? உங்கப்பன் குடுத்த சீர் எல்லாம் இந்த லட்சணம்தான்" என்று சிரித்தான். "ஆமாங்க, செத்துருச்சு" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மூடியை மூடினாலும் உறங்காமல் ஓடும்படி செய்தாள். அவன் பெயிண்ட் கடையிலிருந்து திரும்பும் மாலை ஏழு மணிக்குத் தானாகப் பதிவு தொடங்கும், பதினோரு மணிக்கு நிற்கும். அந்தத் தேதியே கோப்புக்குப் பெயர். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய பேப்பர்க் கட்டுக்குப் பின்னால், பின்பக்கப் பிளக்கில் செருகியபடி, அது பதினொரு மாதம் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய மொபைலை அவன் இரண்டு தடவை உடைத்தான். செத்துப்போன லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடி விழுந்த நாட்கள் பதினான்கு. ஒரு நோட்டில் தேதி போட்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்தில் வக்கீல் அனுசுயா அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நோட்டில் ஒரே ஒரு தேதியில் விரலை வைத்தார்.

"மத்ததெல்லாம் புருஷன் பொண்டாட்டி சண்டைம்பாங்க. இந்த மார்ச் பத்தொன்பதுதான் உங்க மணிக்கட்டை முறிச்ச நாள். ஆஸ்பத்திரிச் சீட்டுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா எழுதியிருக்கு. அது பொய்னு சொல்றதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. ஸ்டேஷன்ல மனுவை இன்னைக்கே குடுத்துடலாம். நீங்க இன்னைக்கே ஒரு காப்பி எடுத்து வைங்க. இவ்வளவு பழைய டிஸ்க்கை நம்பாதீங்க."

அதனால்தான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சண்முகசுந்தரம் அந்த மார்ச் பத்தொன்பதைப் போடச் சொன்னார். மகள் முதலில் மறுத்தாள். அவர் அதட்டினார். போட்டாள்.

ஆறாவது அடியோ ஏழாவது அடியோ விழுந்த பிறகு, பதிவில் கணேஷ்குமார் மூச்சிரைக்கச் சொன்னான்: "உங்கப்பனையே கேக்குறேன்டி இப்ப." மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். பின்னால் நாதஸ்வரம். அப்புறம் ஒரு பெரிய மனிதரின் குரல்.

"சொல்லுங்க மாப்ளே!"

சண்முகசுந்தரத்தின் உள்ளங்கை மேஜையிலிருந்து எழும்பிவிட்டது. ஒர்க்‌ஷாப் நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். ராத்திரிப் பந்திக்கு உட்காரும் நேரம். சுற்றிலும் நாலைந்து பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இவ மறுபடி வேலைக்குப் போறேன்னு எதிர்த்து எதிர்த்துப் பேசுறா மாமா."

"அதுக்கு என்னைக் கேக்கணுமா மாப்ளே? உங்க பொண்டாட்டி, உங்க வீடு. பேச்சு மீறினா நல்லா அடிங்க. கையை ஒடிச்சுப் போட்டாலும் ஏன்னு கேக்க மாட்டேன். எங்க வீட்டுப் பொண்ணு அடிக்குப் பயந்து திரும்பி வரமாட்டா. அப்படி வளர்த்திருக்கேன்."

பக்கத்தில் யாரோ "அப்படிப் போடுங்க ஃபோர்மேன்!" என்று சிரித்தது கேட்டது. போன் வைக்கும் சத்தம். "கேட்டியாடி?" என்றான் கணேஷ்குமார். அப்புறம் பச்சைக் குச்சியை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல ஒரு சத்தமும், மனிதக் குரல் என்றே சொல்ல முடியாத ஓர் அலறலும்.

சண்முகசுந்தரம் மூடியை அடித்து மூடினார். மூடினாலும் நிற்காதபடி அவள்தான் செய்து வைத்திருக்கிறாளே. உள்ளே அலறல் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். வீடு அமைதியானது.

"இதைக் கோர்ட்டுல குடுக்க வேணாம்பா," என்றாள் விஜயராணி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்தது பதிமூணு இருக்குல்ல."

"வக்கீல் அம்மா இதைத்தானே கேட்டாங்க."

"கேப்பாங்க. நான் இல்லைன்னுடறேன். பென்டிரைவ் வாங்கியாந்திருக்கேன். காப்பி எடுத்துடவா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று எழுந்து போனார்.

மறுநாள் ஆயுதபூஜை. விடியும் முன்பே மனைவி கமலவல்லி கூடத்தில் பலகை போட்டு, சரஸ்வதி படம் வைத்து, அவருடைய தொழில் கருவிகளான வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பதினெட்டு அங்குலப் பைப் ரெஞ்சும் தன் தையல் கத்திரியுமாக அடுக்கிவிட்டாள். மகளின் தொழில் என்று லேப்டாப்பையும் நடுவில் வைத்து, மூடியில் சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு செவ்வந்தியும் சொருகியிருந்தாள். குளித்துவிட்டு வந்த விஜயராணி பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதை ஏன் வச்சே? ஒரு மணி நேரம் வேலை இருக்கு."

"பூஜையில வச்சாச்சு," என்றார் சண்முகசுந்தரம், பேப்பரைத் தாழ்த்தாமல். "நாளைக்குக் காலையில விஜயதசமி பூஜை முடிஞ்சுதான் எடுக்கணும். ஒர்க்‌ஷாப்புல கிரேனையே நிறுத்தி வைப்போம். இது என்ன?"

"வக்கீல் உடனே எடுக்கச் சொன்னாங்கப்பா."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. இந்த வீட்டுல பூஜையில வச்ச பொருள்ல இதுவரைக்கும் யாரும் கை வச்சதில்ல."

அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது என்பதை அவர் அறிவார். தன் குரல் இன்னும் ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும் என்ற ஆசை. ஒருவேளை அது தானாகவே அழிந்துபோகட்டும் என்ற ஆசையும்கூட.

மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. கணேஷ்குமார் இறங்கினான். அவன் தம்பி ரஞ்சித் தட்டில் பொரியும் பழமும் வெற்றிலையும் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தான். நல்ல நாளில் தட்டோடு வருகிறவனை வாசலில் நிறுத்தும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"வாங்க," என்றார் சண்முகசுந்தரம். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று உறைத்தது.

கணேஷ்குமார் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நாற்காலியின் நுனியில் மரியாதையாக உட்கார்ந்தான்.

"ஸ்டேஷன்ல கூப்பிட்டு மனுவைப் படிச்சுக் காட்டுனாங்க மாமா. ஏதோ ரெக்கார்டிங் இருக்காமே. அந்த டப்பாவைக் குடுத்துடுங்க. இவளையும் கூட்டிட்டுப் போயிடறேன். நம்ம வீட்டு விஷயம் நம்மளோட முடியட்டும்."

சமையலறை வாசலில் வந்து நின்ற விஜயராணி, "நான் வரல," என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. குரலை மட்டும் தாழ்த்தினான். "மார்ச் மாசம் நான் உங்களுக்குப் போன் பண்ணுனது ஞாபகம் இருக்கா மாமா? அதுவும் அதுல இருக்கும்ல? என்ன சொன்னீங்கன்னு ஜட்ஜ் கேக்கட்டுமா? உங்க ஒர்க்‌ஷாப்பு ஆளுங்க கேக்கட்டுமா? நான் உங்க பேச்சைத் தட்டாத மாப்ள. நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்."

சண்முகசுந்தரத்தின் கண் பூஜைப் பலகைக்குப் போய் அங்கேயே நின்றது. அந்தப் பார்வையை ரஞ்சித் வேறுமாதிரி எடுத்துக்கொண்டான். தட்டை வைத்துவிட்டு இரண்டு எட்டில் போய் லேப்டாப்பைத் தூக்கினான். செவ்வந்தி உதிர்ந்தது.

"டேய், பூஜையில வச்சதுடா!" என்று கமலவல்லி உள்ளேயிருந்து கத்தினாள்.

விஜயராணி பாய்ந்து போய் லேப்டாப்பின் மறுமுனையைப் பிடித்தாள். கட்டியிருந்த கம்பி ரஞ்சித்தின் விரலைக் கிழித்தது. அவன் கெட்ட வார்த்தை சொன்னான். கணேஷ்குமார் எழுந்தான். அவசரமே இல்லாமல், தினம் செய்கிற வேலையைச் செய்பவன்போல, அவள் கொண்டையைப் பிடித்துத் தலையை நிலைப்படியில் மோதினான். ஒரு முறை. மறுபடி ஒரு முறை.

காதால் கேட்டிருந்த அதே சத்தம். இப்போது அதற்கு முகம் இருந்தது. மகளின் பிளந்த உதட்டில் தையல் விட்டு ரத்தம் மோவாயில் இறங்கியது. அப்போதும் அவள் லேப்டாப்பை விடவில்லை. அதைவிட அவரைக் கொன்றது, அவள் அப்பா என்று கூப்பிடாததுதான்.

அறுபத்தெட்டு வருஷமாகப் பூஜையில் வைத்த பொருளைத் தொடாத கை பைப் ரெஞ்சை எடுத்தது. இரண்டரைக் கிலோ இரும்பு. சந்தனம் கையில் வழுக்கியது. மூன்றாவது முறை மோதுவதற்கு ஓங்கிய கணேஷ்குமாரின் வலது முழங்கைக்குக் கீழே, இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். எலும்பு முறிந்தது. கை நடுவில் இன்னொரு மூட்டு முளைத்ததுபோல மடங்கித் தொங்கியது. அவன் வாயைத் திறந்தான். சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"கெழட்டு நாயே!" என்று ரஞ்சித் லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கி மொசைக் தரையில் அடித்தான். திரை சிதறியது. அதன்மேல் ஏறி ஷூ காலால் மிதித்தான், மிதித்தான், அடிப்பாகம் வளையும்வரை மிதித்தான். பிறகு எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை வாரி எடுத்து வீசினான். அது சண்முகசுந்தரத்தின் புருவத்தைப் பிளந்துகொண்டு போனது. எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து அவர் கண்ணை மூடின. குருடனாக ரெஞ்சைச் சுழற்றினார். அது அலமாரிக் கண்ணாடியைத்தான் உடைத்தது. ரஞ்சித் அவரைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தான். இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது கமலவல்லி வந்தாள். கையில் அடுப்பிலிருந்து இறக்கிய பாயசப் பாத்திரம். அப்படியே அவன் தொடையில் கவிழ்த்தாள்.

அவன் போட்ட கூச்சலில்தான் தெரு எழுந்தது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு பெனடிக்ட்; ஓய்வு பெற்ற ரயில் டிரைவர், ஆறடி ஆள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "வெளியே போங்கடா! மரியாதையா போங்க!"

கணேஷ்குமார் தொங்கும் கையை மறுகையால் தாங்கிக்கொண்டு, சுண்ணாம்பாக வெளுத்த முகத்தோடு படியிறங்கினான். "உள்ளே தள்றேன் மாமா உன்னை. கொலைமுயற்சி கேஸ்ல தள்றேன்." கார் எதையோ உரசிக்கொண்டு போனது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க சார். தையல் போடணும் இது," என்றார் பெனடிக்ட், துண்டால் புருவத்தை அழுத்தியபடி.

சண்முகசுந்தரம் ஒற்றைக் கண்ணால் மகளைத் தேடினார். அவள் தரையில் மண்டியிட்டு, நசுங்கிய லேப்டாப்பைக் கவிழ்த்து, நெற்றி ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு தகரப் பெட்டியை உருவினாள். ஹார்ட் டிஸ்க். ஒரு ஓரம் நெளிந்திருந்தது.

"பெனடிக்ட் மாமா, உங்க வீட்டுல பழைய லேப்டாப் எதுனா இருக்கா? ஓடாததா இருந்தாலும் பரவால்ல."

"பையன் படிச்சப்ப வாங்கினது பரண்ல கெடக்கு. ஆன் பண்ணினா முழிச்சுக்கிட்டு நிக்கும்மா, உள்ளேயே போகாது."

"அது போதும்."

கொண்டுவந்தார். இரண்டு லேப்டாப்பும் ஒரே காலத்தவை. டிஸ்க் அளவும் ஒன்றே. அவருடையதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். துணிப்பையிலிருந்து ஒரு பழைய பென்டிரைவ் எடுத்தாள். அதில்தான் அந்த எடை குறைந்த லினக்ஸ் இருந்தது. கம்ப்யூட்டரில் எதையும் பதிக்காமல் பென்டிரைவிலிருந்தே எழுந்து ஓடும். டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாமல், படிக்க மட்டும் செய்யலாம். முக்கால் நிமிஷத்தில் கருப்புத் திரை வந்தது.

கூடவே ஒரு சத்தமும் வந்தது. டிக். டிக். டிக். முப்பத்தாறு வருஷம் இயந்திரங்களோடு இருந்தவருக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே எதுவோ உடைந்து உரசிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியாதுப்பா. அஞ்சு நிமிஷமா இருக்கலாம், அரை மணியா இருக்கலாம். நின்னா அப்புறம் எழுந்திருக்காது. ஒவ்வொண்ணா எடுக்கணும், முக்கியமானதை முதல்ல."

புதிய பென்டிரைவைச் செருகி நோட்டைத் திறந்தாள். தட்டினாள். செப்டம்பர் இருபத்துநாலு. டிஸ்க் திணறித் திணறிப் படித்தது. அடுத்தது ஆகஸ்ட் ஏழு. சண்முகசுந்தரம் சுவரைப் பிடித்து எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். நோட்டைப் பார்த்தார். தேதிகளுக்கு நேராக, எதற்குப் பின் எதை எடுப்பது என்று வரிசை எண் போட்டிருந்தாள். மார்ச் பத்தொன்பதுக்குப் பதினான்கு.

"அதை எடு."

"இது முடியட்டும்பா."

"நிறுத்து இதை. மார்ச் பத்தொன்பதை எடு."

அவள் திரும்பினாள். ஒரு கண் வீங்கி மூடத் தொடங்கியிருந்தது. "அதுல நீங்க இருக்கீங்கப்பா. கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் போடுவாங்க. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சிரிக்கும். உங்களால தாங்க முடியாது. எனக்குத் தெரியும்."

டிக். டிக். பெனடிக்டுக்கு விஷயம் புரியவில்லை, கமலவல்லிக்குப் புரிந்தது. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உன் கையை ஒடிக்கச் சொன்னவன் நான்," என்றார் சண்முகசுந்தரம், பெனடிக்டுக்கும் கேட்கும்படி. "அவன் முன்னால இன்னைக்கு அரை நிமிஷம் வாயடைச்சு நின்னேனே, அதுதான் என்னால தாங்க முடியல. எடும்மா."

அவள் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தட்டினாள். பதினொரு சதவீதத்தில் நின்றது. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலேயே இரண்டு நிமிஷம். சண்முகசுந்தரத்தின் புருவத்திலிருந்து ரத்தம் மேஜை விளிம்பில் சொட்டியது, துடைக்கவில்லை. நூறு வந்தது. அதற்கப்புறம் ஜனவரிக் கோப்பு ஒன்று முழுசாக வந்தது. அடுத்தது பாதியில் இருக்கும்போது டிஸ்க் நீளமாக ஒரு கீறல் சத்தம் போட்டு அடங்கியது. விஜயராணி மூன்று முறை முயன்று பார்த்தாள். பிறகு பென்டிரைவை உருவி, தாலிக்கயிறு இருந்த இடத்தில், ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"இப்ப வரேன் ஆஸ்பத்திரிக்கு," என்றார் அவர்.

ஒன்பது தையல். விலா எலும்பில் விரிசல். மகளுக்கு உதட்டில் மறுபடி மூன்று, நெற்றியில் நாலு. ஆஸ்பத்திரிக்கே போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கை முறிந்ததற்குக் கணேஷ்குமார் தரப்பிலும் புகார் பதிவாகியிருந்தது. "நீங்கதானா அடிச்சது?" என்றார் ஏட்டு. "நான்தான். பைப் ரெஞ்ச், பதினெட்டு அங்குலம். வீட்டுல இருக்கு, வந்து எடுத்துக்குங்க."

விஜயதசமி காலை, லீவு நாளாக இருந்தும், அனுசுயா தன் அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தார். ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே சின்ன மாடி அறை. தலையில் கட்டோடு ஒருவரும் வீங்கிய முகத்தோடு ஒருத்தியும் படியேறியதைக் கீழே பூக்காரம்மா முதற்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. சண்முகசுந்தரம் தலையைக் குனியாமல் ஏறினார். விலா குத்தியது; அதற்காகவும் வளையவில்லை.

"மூணுதான் முழுசா இருக்கு," என்றார் அனுசுயா, கேட்டு முடித்து. "ஆனா இது இருக்கே, இது போதும். குரல் யாரோடதுன்னு அடையாளம் சொல்ல ஆள் வேணும். விஜயராணி தன்னோடதையும் புருஷனோடதையும் சொல்லுவாங்க. போன்ல பேசுறவர் யாருன்னு..." கொஞ்சம் தயங்கினார். "அதையும் அவங்களே சொல்லிடலாம். நீங்க வரணும்னு இல்ல சார்."

"என் குரலை நான் சொல்றேன். எழுதுங்க."

அனுசுயா தட்டச்சு செய்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். அவர் கண்ணாடியைத் தலைக்கட்டுக்குமேல் மாட்ட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு படித்தார். 'என் மகளைக் கண்டித்து வைக்குமாறு மருமகனுக்கு அறிவுரை கூறினேன்.'

"இதை எடுத்துடுங்கம்மா."

"ஏன் சார்?"

"நான் அறிவுரை கூறல. சொன்னதைச் சொன்னபடி போடுங்க."

"இது பிரமாணப் பத்திரம். நீங்களே தூண்டினதா அவங்க வக்கீல் உங்களைக் கூண்டுல நிறுத்திக் கிழிப்பாரு. உங்க மேலயும் வழக்கு திரும்பலாம். ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"திரும்பட்டும். அவ கை முறிஞ்சதுல என் பங்கு என்னவோ அது என் கணக்குலதான் நிக்கணும். எங்க வீட்டு மானத்தை மூடி வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

விஜயராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தையல் இழுத்தது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அனுசுயா அந்த வரியை அழித்தார். விரல்களை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சொல்லுங்க."

சண்முகசுந்தரம் எழுந்து நின்றார். கல்யாணப் பந்தியில் சொன்ன வார்த்தைகளை, அதே வரிசையில், ஒன்று விடாமல் சொன்னார். உங்க பொண்டாட்டி, உங்க வீடு. நல்லா அடிங்க. கையை ஒடிச்சுப் போட்டாலும் ஏன்னு கேக்க மாட்டேன். ஒவ்வொன்றும் விசைகளில் விழுந்து எழுத்தாகத் திரையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான். கீழே என் பேரைப் போடுங்க. முழுசா போடுங்க. மருதமுத்து மகன் சண்முகசுந்தரம்."